கருமாதி முடிந்து வந்தவர்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு; மற்ற இரண்டும் என் தங்கை பிள்ளைகள். ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். இப்போது ஜார்ஜ் டவுனில் மகன் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறேன். மெதுவாக எழுத நேரம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபாலில் ஒரு துண்டு நிலத்தில் கத்தரியும் பயற்றங்காயும் போட்டவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குச் சண்டைக்குப் போவதே மேல் என்று, இந்தியாவுக்காகச் சேர்த்த படையில் சேர்ந்தார். பர்மாவில் வெள்ளைக்காரனிடம் பிடிபட்டு முள்வேலிக்குள் கிடந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நொண்டி மாட்டை வைத்து உழுததைத் தினமும் பார்த்தாராம். அந்த மாட்டைப் பற்றிச் சொன்ன அளவு அடிபட்டதைப் பற்றி அவர் சொன்னதில்லை.

அவர் காய்ச்சலில் செத்துவிட்டார் என்று ஒருவன் வந்து சொன்னான். என் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதியும் முடித்தார். தாலியைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பைக் காட்டுங்கள், கழற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கெட்ட பேச்செல்லாம் கேட்டேன்.

சண்டை முடிந்த பிறகு அவர் வந்தார், எலும்பும் தோலுமாக. மூத்தார் வாசலிலேயே நிறுத்தினார். கருமாதி முடிந்தவன் உள்ளே வரக்கூடாது, முதலில் தொட்டிலில் போட்டுப் பேர் வைத்து, எனக்கும் மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார். இவர் கெஞ்சவுமில்லை, சண்டை போடவுமில்லை.

“இன்னொரு தடவ பொறக்க என்னால ஆவாது புள்ள” என்று என்னிடம் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்தார். நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போனேன். பிறகு அதற்குப் பக்கத்திலேயே பலகை வீடு கட்டினோம். மறுபடியும் கத்தரி, பயற்றங்காய். கடைக்குட்டி அங்கேதான் பிறந்தாள்.

எழுபதுகளில் அவள் கல்யாணம் ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தகப்பன் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்க வேண்டும். சொம்பும் கையுமாக நான் நிற்கிறேன், மூத்தார் எழுந்து வந்தார். கருமாதி முடிந்தவன் கையால் கொடுத்தால் பெண்ணுக்கு ஆகாது, தானும் தன் சம்சாரமும் தாரை வார்க்கிறோம் என்றார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. என் ஓரகத்தி சொம்புக்குக் கையை நீட்டினாள்.

என் வீட்டுக்காரர் மணையை விட்டு எழப் பார்த்தார். “வுட்டுரு புள்ள. அண்ணனே செய்யட்டும். எனக்கு அசதியா இருக்கு.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணீர் பட்டுச் சேலையில் விழுந்தது.

நான் சொம்பைக் கொடுக்கவில்லை. தாலியை வெளியே எடுத்துப் போட்டேன்.

“கருமாதி செஞ்சது நீங்க மாமா. நான் இத கழட்டவே இல்ல. அப்ப செத்தது யாரு?”

மூத்தார் தாலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, “போதும்லா, நேரம் போவுது. சம்பந்தி, கைய புடிங்க” என்றார்.

இவர் மகள் கையைப் பிடித்தார். நான் ஊற்றிய தண்ணீர் பாதி அவர் வேட்டியில்தான் போனது.

“முடிஞ்சிருச்சா? இனிமே உக்காரலாமா?” என்று கேட்டார். சாப்பிட்டதும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று படகேறி அக்கரைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். ஒருநாள் நிலத்திலிருந்து வந்து கால் கழுவினவர் அப்படியே சாய்ந்தார். உடம்பு என் கண் முன்னால் இருந்தது. அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றினேன்.

கை வலிக்கிறது. இந்தா, பேத்தி, டிவியை நிறுத்திட்டு வா. இத முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. உங்க தாத்தா கைய புடிச்ச எடம் வந்தா, கொஞ்சம் மெதுவா படி.