பெயர் போடாமல் எழுதியது

வலைப்பூ தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் என்னைப் படித்தவர்கள் ஆறேழு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவர் என் கணவர். இன்னொருவர் நான்தான். வேலையிடத்துக் கணினியில் திறந்து, வேறு யாரோ எழுதியதுபோலப் படித்துப் பார்ப்பேன்.

வீடு சோமனூரில். கணவருக்கு விசைத்தறி. எனக்குப் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகத்தில் வேலை. தறிச் சத்தத்தில் உட்கார்ந்து எழுத முடியாது என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவேன். முதலில் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதினேன், யாரும் சீண்டவில்லை. பிறகு நான் தினமும் வரும் காலைப் பேருந்தைப் பற்றி எழுதத் தொடங்கினேன். கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம் என்று வரும் அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். ஏழு நாற்பது பேருந்து என்றே தலைப்பு வைத்தேன். ஒரு நாள் முப்பது பேர் படித்ததாகப் பார்வை எண்ணிக்கை காட்டியது. அன்றிலிருந்து பேருந்தில் ஏறியதும், எழுதுவதற்கு யாராவது கிடைப்பார்களா என்றுதான் கண் தேடும்.

அப்படித்தான் அவள் கிடைத்தாள்.

கருமத்தம்பட்டியில் ஏறுவாள். முப்பது வயது இருக்காது. என் பக்கத்தில் இடம் இருந்தால் வந்து உட்காருவாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தீக்காயத் தழும்பு, முந்தானையை எப்படி இழுத்து மூடினாலும் வெளியே தெரியும். முதல் இரண்டு வாரம் சிரிப்போடு சரி. மூன்றாம் வாரம் அவளுடைய சாப்பாட்டுப் பையின் காது அறுந்துபோக, என்னிடமிருந்த துணிப்பையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தாள். சின்னியம்பாளையத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை, ஐந்து வயதுப் பெண் குழந்தை பெரியம்மா வீட்டில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். தழும்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"ஊட்ட உட்டு வந்துபோட்டனுங்க அக்கா. நான் இந்தப் பக்கம் இருக்கறது அவருக்குத் தெரியாதுங்க. தெரியாத வரைக்கும் உசுரோட இருப்பனுங்க."

இதைக் கேட்டபோது என் மனதில் முதலில் வந்தது பயமோ இரக்கமோ என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை வேறு. அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். மறந்துவிடக் கூடாது என்று, அவள் இறங்கியதும் கைப்பேசியில் குறித்துவைத்தேன்.

மறுநாள் மதியம் எழுதி முடித்தேன். பெயர் போடவில்லை. கம்பெனி போடவில்லை. கருமத்தம்பட்டியில் ஏறுகிறாள், கையில் தீக்காயத் தழும்பு, ஐந்து வயதில் ஒரு பெண், இவ்வளவுதான். பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று நம்பினேன். யாரோ அதை எடுத்து முகநூலில் போட, இரண்டே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் படித்திருந்தார்கள். என் எழுத்துக்கு முதல் முறையாக ஒரு முன்பின் தெரியாதவர் கருத்து எழுதியிருந்தார். 'சகோதரன்' என்று போட்டிருந்தார். படித்துவிட்டு அழுதாராம். இவளுக்கு ஏதாவது உதவி செய்ய ஆசையாம், இடது கைப் புண் முழுக்க ஆறிவிட்டதா, எந்த ஊரில் வேலைக்குப் போகிறாள் என்று கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதினேன். சின்னியம்பாளையத்தில் இறங்குவாள், பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை என்று எழுதினேன். எழுத்தில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து அதே ஆள் இன்னொரு வரி எழுதினார். "பார்த்துவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா."

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன், நான் எழுதியதால் ஒருத்திக்கு நல்லது நடந்திருக்கிறது என்று.

மறுநாள் அவள் பேருந்தில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆனது. மதியம் அந்தக் கட்டுரையைத் திறந்து, அவர் எழுதியதை மறுபடி படித்தேன். இடது கை என்று இருந்தது. என் கட்டுரையை மேலிருந்து கீழ்வரை தேடினேன். கை என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எந்தக் கை என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

கட்டுரையை, கருத்துகளை, என் பதிலை, எல்லாவற்றையும் அழித்தேன். நூலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டுச் சின்னியம்பாளையத்துக்குப் பேருந்து ஏறினேன்.

மூன்று கம்பெனி விசாரித்து நான்காவதில் அவளுடன் வேலை செய்த ஒரு பெண் கிடைத்தாள். டீ குடிக்க வெளியே வந்தவளிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"பஸ்ஸுல வர்ற அக்கா நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். அவள் குரலை உயர்த்தவேயில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் கேட் முன்னால் வந்து நின்றான் என்றாள். வெளியே வரட்டும் என்று சத்தம் போட்டானாம். வாட்ச்மேன் அவனைப் பிடித்து நிறுத்திவைத்திருந்த நேரத்தில் இவர்கள் அவளைப் பின்பக்கமாக அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். உயிரோடு இருக்கிறாள், போன் செய்தாள், அவ்வளவுதான் சொன்னாள்.

எங்கே என்று கேட்டேன்.

"உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்க."

நான் பெயர் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"நல்லாத்தானுங்க எழுதியிருந்தீங்க. போன்ல வந்துது. படிச்சதும் இது அவதான்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. அவளும் படிச்சா. அந்தக்கா ஒரு வார்த்த கேட்டிருந்தா எழுதிக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன், பஸ்ஸ மட்டும் போட வேண்டாம்னிருப்பேன்னு சொன்னா."

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அவன் எப்படி இடம் கண்டுபிடித்தான் என்பதற்குச் சாட்சியாக இருந்தது என் வலைப்பூவின் அந்தப் பக்கம் ஒன்றுதான். அதையும் நான் அழித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மறுநாள் அந்த நிலையத்துக்குப் போய், நினைவில் இருந்ததையெல்லாம் தேதியோடு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் காவலர் வாங்கிப் படித்துவிட்டு, இனிமேல் எதையும் அழிக்காதீங்க என்று மட்டும் சொன்னார்.

"பேருதான் போடலையல்ல, அப்பறமென்ன?" என்றார் கணவர், என்னைத் தேற்றுவதாக நினைத்து. அந்த வாரம் முழுவதும் அவருடன் சரியாகப் பேசவில்லை. பாவம், அது நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான்.

இரண்டு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு அவிநாசி சாலையில் பெய்த ஒரு மழையைப் பற்றி, மனிதர் ஒருவர்கூட இல்லாமல், ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். மூன்றாம் நாள் அதன் கீழே அவன் வந்தான். "அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா அக்கா?" நூலகத்துக்கு வரும் பழைய புத்தகங்களைப் பற்றி எழுதினேன். அதன் கீழும் அதே கேள்வி, இன்னும் பணிவாக. திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. அக்கா என்றுதான் அழைப்பான். ஒவ்வொன்றையும் அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்து வருகிறேன். என் எழுத்தைத் தவறாமல் படிக்கிற ஒரே ஆள் அவன்தான் என்ற எண்ணம் வரும்போது எழுதக் கை ஓடாது.

வலைப்பூவை மூடிவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். மூடினால் அவன் வேறு எங்கே போய்த் தேடுவான் என்று தெரியாது. என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற வரை அவனுக்கு அவள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதனால் திறந்தே வைத்திருக்கிறேன்.

வருடம் முடிகிற வாரத்தில் ஒரு நாள், கருமத்தம்பட்டியில் ஓர் ஆள் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. கொஞ்ச நேரம் பேருந்துக்குள் இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அக்கா, இந்தப் பஸ்ஸுல தினமும் வருவீங்களா?"

அவனாக இல்லாமலும் இருக்கலாம். வலைப்பூவில் என் படம் கிடையாது. இல்லைங்க, இன்றைக்குத்தான் முதல் தடவை என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடத்துநர் வழக்கம்போல் என்னைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலேயே பீளமேட்டுக்குச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அதை வாங்க நான் கையை நீட்டவில்லை.