வெடிக்கு அசராத நாய்

என் அண்ணன் கருப்பணனுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் நாலு வருசம் ஒரு பொய்யில்தான் கஞ்சி குடித்தான். அதையும் அவன் வாயால் சொல்லவில்லை. ஊரே சொன்னது, அவன் மறுக்கவில்லை.

அதற்கு முன் ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிற ஒரு வீட்டில் வேலை பார்த்தான். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, இடுப்பு உயரத்துக்கு நிற்கிற சாதி நாய்கள். அந்தக் காலத்தில் ஜமீன் வாசலைக் காத்ததும், காட்டுப்பன்றியை மறித்து நின்றதும் அந்த இனம்தான். ஒரு கைச் சோறு, ஒரே எசமான். மற்றவன் கிட்டே போனால் முடிந்தது கதை. ஆனால் அந்த வெள்ளையோடு காது செத்துப் பிறக்கிற குட்டியும் உண்டு. அந்த வீட்டில் குட்டிக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டி கிணற்றுக்குப் போகும். பெரிய மனுசர்களாம், நல்லா இருக்கட்டும்! அப்படிக் கிணற்றில் போடச் சொல்லிக் கொடுத்த ஒன்றைத்தான் அண்ணன் துண்டில் சுற்றி எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்குத் தூக்கி வந்தான். வேலையும் போனது.

மல்லன் என்று பேர் வைத்தான். "காது கேக்காத நாய்க்கு எதுக்குண்ணே பேரு?" என்றேன்.

"நம்ம கூப்பிடணும்ல, அய்யம்மா" என்றான்.

அது தூங்கும்போது கிட்டே போக வேண்டுமென்றால், தூரத்தில் நின்று காலால் தரையை இரண்டு தரம் மிதிப்பான். அதிர்வு எட்டியதும் மல்லன் கண் திறக்கும், வால் ஆடும். அப்புறம்தான் தொடுவான். தூக்கத்தில் திடுக்கிட்டால் ஆள் பார்க்காமல் கடித்துவிடும் என்று, ஒரு நாளும் மிதிக்காமல் தொட்டதில்லை.

நான் திரி வெட்டுகிற பட்டாசுக் கம்பெனிக்கு அண்ணன் அதைக் கூட்டி வந்த அன்று, பின்னால் பொட்டலில் சாம்பிள் வெடி போட்டார்கள். தெரு நாயெல்லாம் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. மல்லன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. முதலாளி முத்துக்கிருஷ்ணன் அசந்து போனார்.

"நெஞ்சுரம்னா இதுதாம்ப்பா. நாளையிலேர்ந்து நீயும் இதுவும் கேட்டுல நில்லுங்க."

ஏழு மாதம் வேலையில்லாமல் கிடந்தவன், வாயைத் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை. என்னை மட்டும் நல்லவளாக்கிக்கொள்ள மாட்டேன்.

போன தீபாவளிக்கு லோடெல்லாம் போன பிறகு முதலாளி ஒரு குண்டைப் போட்டார். மல்லனை விருதுநகர் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம், பேத்தி பிரீத்திகாவுக்குக் காவலாக. நாலு வயசுப் பிள்ளை. ஆயுத பூசைக்கு வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த பூனை மேல் விழுந்து கட்டிப்பிடித்ததை நாங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "சொன்னா வேலை போயிரும், இதையும் அடிச்சுப் போட்டுருவாக. சொல்லலேன்னா அந்தப் புள்ள..."

"சொல்லித் தொலைண்ணே. பச்சப்புள்ள பாவம் நமக்கு வேணாம்."

வேன் வந்த காலையில் மல்லன் வேப்பமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளதைச் சொன்னான். முதலாளி சிரித்தார். "நாயை விட மனசில்லாமக் கதை கட்டுறியாக்கும்?"

அண்ணன் என் சோற்றுத் தட்டை வாங்கி, மல்லன் தலைமாட்டில் தூக்கிப் பிடித்துக் கல்லால் தட்டினான். அது அசையவில்லை.

"வெடிக்கே அசராதது, உன் தட்டுக்கா அசரும்? ஏத்துங்கப்பா" என்றார் முதலாளி. அந்தத் தட்டைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போடலாமா என்று வந்தது எனக்கு.

அண்ணன் செருப்பைக் கழற்றினான். அடி மேல் அடி வைத்து அதன் முதுகுப் பக்கமாகப் போனான். என்ன செய்யப் போகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அண்ணே, வேணாம்" என்றேன். தரையை மிதிக்காமல், அந்தப் பிள்ளை பூனையைக் கட்டிப்பிடித்த மாதிரியே, அதன் கழுத்தில் கையைப் போட்டான்.

கண் திறக்கும் முன்னே பல் இறங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மல்லன் கையை விட்டது. வயிறு தரையில் உரச உரசப் பின்னால் நகர்ந்தது.

அண்ணன் ரத்தம் ஒழுகுகிற கையை நீட்டிக் காட்டினான். "பாப்பாவா இருந்தா மூஞ்சியில விழுந்திருக்கும், மொதலாளி."

முதலாளியே அவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை, நாயை மறுபடி கேட்கவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நான் குலசாமிக்குக் காசு முடிந்துவைத்தேன்.

காயம் ஆறிவிட்டது. நேற்று மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேன். மல்லன் வேப்பமரத்தடியில் கிடந்தது. அண்ணன் தூரத்தில் நின்று இரண்டு தரம் தரையை மிதித்தான். அது கண் திறந்தது. வால் ஆடவில்லை. எழுந்து சுவரோரம் போய், அவன் கையையே பார்த்தபடி உட்கார்ந்தது.

அண்ணன் இன்னொரு தரம் மிதித்தான். அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.