கழற்றிக் கொடுத்த டிஸ்க்

போன வாரம் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். வேகமான டிஸ்க் வேண்டும் என்றதும் கடைக்காரத் தம்பி பபுள்கம் பட்டை போல ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"இம்புட்டுத்தானா?"

"இதுல சுத்துறதுக்கு ஒன்னுமே இல்லக்கா. சத்தமே வராது."

நான் அதை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான். கரண்டே கொடுக்காத சாமானில் சத்தம் தேடுகிற பெண்மணியைக் கண்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து டிஸ்க்குகள் கத்தும். பூட்டுப் பட்டறை ஒன்றை ஒட்டிய சந்தில் இருந்தது ஆரோக்கியம் அண்ணனின் வீடியோ ஸ்டுடியோ. கல்யாணங்களை அவர் படம் பிடிப்பார். நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். சாதாரண டிஸ்க்கில் ஓட்டினால், தாலியைத் தூக்கிய மாப்பிள்ளையின் கை தூக்கியபடியே நிற்கும். நான் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் கட்டுவார். பொறுத்துப் பார்த்த அண்ணன், நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை சுற்றுகிற டிஸ்க் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். வேகம் அதிகம், இடம் குறைவு. அதனால் நடப்பு வேலை மட்டும் அதில். முடிந்த கல்யாணங்களெல்லாம் பழைய, பெரிய, மெதுவான டிஸ்க்கில். புதியது கிளம்பும்போது விசிலுக்கு முந்திய குக்கர் மாதிரிச் சீறும். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் கேபினெட்டில் நான் பொட்டு வைத்தேன். பொட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் மாதா படம் ஒட்டினார். செத்த நேரத்தில் சூடேறி, இரும்பும் தூசியும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனையோடு, பிரியாணிக்கு ஊற்றுகிற தால்ச்சா வாசனையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் ரெட்டியார்சத்திரம் பக்கம் நடந்த ஒரு கல்யாணம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, அண்ணன் எடுத்துவந்த டேப்பைப் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையில் முகூர்த்தம் முடிந்து பந்தி வந்தது. பிரியாணி பரிமாறியவர் சவரிமுத்து. பல விசேஷங்களில் பார்த்த முகம். கேமரா திரும்பினால் தலைமுடியைக் கோதிக்கொள்வார். பெண்ணின் சித்தப்பா, ஊரில் கை ஓங்கியவர், இலையைக் காட்டிக் கத்தினார்.

"எனக்கு எலும்பத்தான் வைப்பியாடா?"

"இருந்ததத்தாங்கய்யா வச்சேன்."

பேச்சு அவ்வளவுதான். அவர் எழுந்து, சவரிமுத்துவின் கையிலிருந்த இரும்புக் கரண்டியைப் பிடுங்கி, அதன் விளிம்பால் முகத்தில் அடித்தார். இரண்டாவது அடியில் மூக்கு உடைந்தது. மூன்றாவது இடது கண்ணில் இறங்கியது. சவரிமுத்து விழும்போது அவருடைய இன்னொரு கையிலிருந்த தால்ச்சா வாளி சரிந்து, அடித்தவர் காலில் கொட்டியது. உடனே நாலைந்து பேர் பாய்ந்து, விழுந்து கிடந்தவரை மிதித்தார்கள். அண்ணனின் கேமரா ஆடியதே தவிர நிற்கவில்லை.

நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அண்ணன்தான் மிச்சத்தைச் சொன்னார். கொதிக்கிற குழம்பை வேண்டுமென்றே ஊற்றியதாகப் புகார் சவரிமுத்து மேல்தான் இருந்தது. கண் போனவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கு மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

மத்தியானம் சித்தப்பாவின் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். அண்ணன் டேப்பைத் தர மறுத்தார். வாசல் படியில் அவரைக் குப்புறத் தள்ளி, வலது கையை ஒருவன் மிதித்துப் பிடிக்க, இன்னொருவன் ஷட்டரை அந்தக் கைமேல் அறைந்து இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. ஷட்டரைத் தூக்கி மறுபடியும் இறக்கினான். அண்ணன் அலறியதில் பட்டறையில் வேலை நின்றுவிட்டது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை. கேமராவில் இருந்த டேப்பை உருவி எடுத்துக்கொண்டார்கள்.

"டேப்பு மட்டும் பத்தாதுடா. கம்ப்யூட்டர்ல ஏத்திருப்பாய்ங்க" என்றான் ஒருவன். பட்டறையிலிருந்து ஒரு சம்மட்டியைத் தூக்கி வந்து மானிட்டரில் போட்டான். கண்ணாடி என் மடியெல்லாம் சிதறியது. "முடிஞ்சுச்சு. வாங்கடா" என்றான். மானிட்டர்தான் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிட்டான் பாவி. அத்தனை பயத்திலும் எனக்கு, எங்கிருந்துதான் வந்ததோ, சிரிப்பு வந்து தொலைத்தது.

அது என் வாழ்நாளிலேயே ஆகக் கேடுகெட்ட சிரிப்பு. அவர்களில் கொஞ்சம் விவரமானவன் திரும்பினான்.

"ஏன்டி சிரிக்கிற? டிஸ்க்கு எங்க இருக்கு?"

என் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். முன்பல் பாதி உடைந்து நாக்கில் கிடந்தது. "கழட்டுடி" என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் திணித்தான்.

கேபினெட்டைத் திறந்தேன். மேலே பெரிய டிஸ்க் பளிச்சென்று தெரிந்தது. வேகமானது கீழே, விசிறிக்குப் பின்னால், ஒயர்க் கொத்துக்குள் மறைந்திருந்தது. நான் பெரியதைக் கழற்றினேன்.

"ஒன்னுதானா?"

"ஒன்னுதாண்ணே."

சவரிமுத்துவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் பொய் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. அந்த வேகமான டிஸ்க் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாயில் ரத்தம் வழியும்போதும் ஆளுக்குப் புத்தி இப்படித்தான் போகிறது.

பெரிய டிஸ்க்கைத் தெருவில் போட்டுச் சம்மட்டியால் அடித்தார்கள். உறை பிளந்து, உள்ளே இருந்த தட்டுகள் வளைந்து வெளியே வந்து வெயிலில் மின்னின. அவை நசுங்கும் வரை விடவில்லை.

கையில் மாவுக்கட்டோடு திரும்பிய அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அழிச்சிரு பாப்பா. எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"சவரிமுத்துக்கும் இருக்குல்லண்ணே?"

 மறுநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னல் வழியாகச் சவரிமுத்துவைப் பார்த்திருக்கிறார். அவர் கட்டுப் போட்ட தலையோடு, விலங்கு மாட்டாத கையால் முடியைக் கோதிவிட்டுக் கும்பிட்டாராம். அண்ணன் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். "எடு. வக்கீலப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

கோர்ட்டில் அந்தப் படம் ஓடியது. சவரிமுத்து மேலிருந்த வழக்கு விழுந்தது. சித்தப்பா சில மாதம் உள்ளே இருந்துவிட்டு, வெளியே வந்து, அடுத்த விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணனின் விரல்கள் கேமராவைப் பிடிக்கிற அளவுக்குக் கூடவேயில்லை. வழக்கு முடிவதற்கு முன்பே ஸ்டுடியோவை மூடிவிட்டார். இன்று அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள், அண்ணனும் இல்லை.

ஸ்டுடியோவை மூடுவதற்கு ஒரு வாரம் முன்பு ஆயக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, ஆறு மாசம் முன்ன எங்க கல்யாணம் எடுத்தீங்களேங்க. அவரு லாரியில அடிபட்டு எறந்துட்டாருங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாலை மாத்துறப்ப அவரு எங்காதுல ஏதோ சொல்லிச் சிரிப்பாருங்க. பதட்டத்துல எனக்கு ஒன்னும் மனசுல நிக்கலீங்க. நீங்க குடுத்த சீடியில அந்த எடத்துல பாட்டு ஓடுதுங்க. பாட்டு இல்லாம இருக்குங்களா?"

வெட்டாத மூலப்படத்தை ஓராண்டு வைத்திருப்பது எங்கள் வழக்கம். பெரிய டிஸ்க்கில்தான் வைத்திருப்போம்; டேப்பில் அடுத்த கல்யாணத்தைப் பிடித்துவிடுவோம்.

"ரவுடிங்க வந்து ஒடச்சுட்டாங்கம்மா" என்றேன். அதைக் கழற்றிக் கொடுத்த கை யாருடையது என்று சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, தேங்க்ஸுங்க என்று சொல்லிப் படியிறங்கினாள்.

அந்த வீடியோவை வெட்டியவள் நான். மாப்பிள்ளை அவள் காதில் சொன்னதை ஹெட்போனில் தெளிவாகக் கேட்டு, சிரித்து, பிறகுதான் அதை அமுக்கி மேலே பாட்டை ஏற்றினேன். இத்தனை வருடமாக யோசிக்கிறேன், ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.