நாற்பது சுத்தமான தொண்டைகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் எனக்கு, அந்த மாதம் பிள்ளைகளின் தொண்டையைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்தால் முதலில் வெறும் தொண்டை வலிதான். கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அதன் பின்விளைவு மூட்டைப் பிடித்து இதயத்தையும் கெடுத்துவிடும். அது எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் பள்ளி பள்ளியாகப் பஞ்சுக் குச்சியோடு அலைந்தோம்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகள் துவைத்த சீருடையில், ரேங்க் வரிசைப்படி நின்றார்கள். வாயைத் திறக்க முதல் நாளே ஒத்திகை வேறு நடத்தியிருந்தார் தலைமை ஆசிரியர். கிருமி வளர்வதற்காக ஆட்டு ரத்தம் கலந்த தட்டுகளில் மாதிரிகளைத் தடவி வைத்தேன். இரண்டு நாள் பார்த்தும் ஒன்றில்கூட அந்தக் கிருமி வளரவில்லை.

போனில் சொன்னதும் அவர் கேட்டார்: “தாலுகாவுல நாங்க எத்தனாவது இடம் மேடம்? சர்டிபிகேட் எப்ப குடுப்பீய?”

எனக்குச் சந்தேகம் தட்டியது. தொண்டை வலி உள்ள ஒரு பிள்ளைகூடவா இல்லை என்று கேட்டேன்.

“இருந்துச்சு, அஞ்சு பேரு. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மக்குப் பிள்ளைகளுக்கு லீவு விடுவோம்லா, அது மாதிரி விட்டாச்சு. எம் பொண்ணுக்கும் தொண்டை வலிதான். மொத ஆளா அவளத்தான் வீட்டுல நிப்பாட்டுனேன். பாரபட்சமே கிடையாது மேடம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோயாளிகளை ஒளித்துவைத்துவிட்டு, நோயில்லை என்று விழா எடுக்கப் பார்க்கிறார் மனுஷர். மறுநாளே போய் அந்த ஐந்து பேரிடமும் மாதிரி எடுத்தேன். பள்ளியின் மானம் போகிறதே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் ரிசல்ட் கேட்டு ஆய்வகத்துக்கே நேரில் வந்துவிட்டார். மருந்து வில்லை வைத்து அதே கிருமிதான் என்று உறுதி செய்த பிறகு, ஒரு தட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். சிவப்புத் தட்டில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தெளிந்த வட்டம்.

“எம்புட்டுச் சுத்தமா இருக்கு. இதுதான் ஃபர்ஸ்ட்டா மேடம்?”

“அது சுத்தமில்ல சார். அங்க இருந்த ரத்தத்தைக் கிருமி அழிச்சிருக்கு. உங்க பொண்ணோட தட்டு இது.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கென்று பஸ்ஸிலேயே சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. பார்க்கப் பாவமாக இருந்தது.

“டாக்டர்ட்ட காட்டி மருந்து குடுத்துரலாம் சார்,” என்றேன். “வேற ஏதாவது சொன்னாளா? மூட்டு வலி, அது மாதிரி?”

சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முட்டி வலிக்குன்னு காலைல அழுதா மேடம். லீவு கேட்டு நடிப்புன்னு நெனச்சு, அடிச்சு அனுப்பிட்டேன். இப்ப பி.டி. பீரியடு. ஓடிக்கிட்டு இருப்பா.”