கைக்கு எட்டிய பானை

ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாலர் வகுப்பு கட்டியபோது கொத்தனாரோடு எனக்குத் தினமும் சண்டை. பாயில் உட்கார்ந்த பிள்ளைக்கு மலை தெரிகிற மாதிரி ஜன்னலைத் தாழ வைக்கச் சொன்னால், "இன்னா டீச்சரம்மா, கோழிக்கா ஜன்னல் வெக்கிறோம்?" என்று கேலி பண்ணுவார். சிலேட்டு, மணிச்சட்டம், தண்ணீர்ப் பானை, குவளை எல்லாவற்றையும் சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். யாரிடமும் கெஞ்சாமல் பிள்ளை தானே எடுக்க வேண்டும். எனக்கு அதுதான் ஜெபம். திறப்பு நாளில் மேனேஜர் ஐயாவும், "இது வகுப்பு இல்லை, ஆலயம்" என்று கண் கலங்கப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், பாவி மனுஷன்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவரின் மகள் ஒருத்தி வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் சுவரோடு ஒட்டியே நிற்பாள். ஒரு நாள் எல்லாரும் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளாகவே எழுந்து போனாள். பானையில் மொண்டு, உதடு படாமல் அண்ணாந்து குடித்து, குவளையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் காதருகே வந்து, "டீச்சர், இங்க சாமி இருக்குதா? யாருமே என்ன திட்டலையே" என்றாள்.

கண்ணைத் திறந்து இதைப் பார்த்த பிள்ளை ஏதோ ஒன்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. மறுநாள் பெரிய வீட்டுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு ஒரே கோயிலில் முழங்கால் போடுகிறவர்களும் அதில் உண்டு!

"அவ கை வெச்ச பானையிலயா எங்க புள்ளைங்க குடிக்கணும்?"

நான் மேனேஜரிடம் போய்க் கத்தினேன். ஆலயம் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் நடக்கணுமா வேணாமா, அத்த சொல்லும்மா" என்றார். சாயங்காலத்துக்குள் தச்சர் வந்து உயரத்தில் பலகை அடித்துப் பானையை ஏற்றிவிட்டார். ஊற்றிக் கொடுக்க ஓர் அம்மாளையும் வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் குவளையில், அவளுக்கு மட்டும் கையில் ஊற்ற வேண்டுமாம்.

அடுத்த நாள் காலையில் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாம்மா" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் டீச்சர். நான் வந்தா பானைய இன்னும் மேல ஏத்திடுவாங்க. பாவம், இந்தப் புள்ளைங்க யாருக்குமே எட்டாது" என்றாள்.