கூடைப்பந்து அணிக்கு நாங்கள் போட்ட கையெழுத்துகள்

மழை நாளில் ஈரச் சப்பாத்தோடு மெழுகிய தரையில் ஓடினால் ஒரு கீச்சொலி எழும். அதைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுப்பினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் பன்னிரண்டாவது வயதின் குளிர்காலம் முழுவதும் அந்தச் சத்தமாகத்தான் என் காதில் நிற்கிறது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் இருந்தோம். இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருந்த சிற்றூரின் கூடைப்பந்து மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் தரையைக் கழுவி மெழுகும் வேலையை, தொழிற்சாலை வேலை போதாதென்று, அப்பா செய்துவந்தார். அதனால் எங்களுக்கு ஆட்டம் பார்க்க இலவசச் சீட்டு. அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அது சம்பளத்துக்கு ஆடும் அணி. ஐந்து பேர் களத்தில் இறங்கினால் நான்கு பேர் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர்களாக இருப்பார்கள், ஐந்தாவது ஆள் மட்டும் ஜேர்மன்காரர். சுற்றியிருந்த கதிரைகளிலோ தலைகீழ். அத்தனையும் வெள்ளை முகங்கள். எந்தப் பக்கத்திலும் சேராத நாங்கள் மேலே கடைசி வரிசையில் இருந்து அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு பார்ப்போம். இப்படி ஆடுவோர் ஒரு நிறமும் கைதட்டுவோர் இன்னொரு நிறமுமாக இருப்பது ஏன் என்று அப்போது ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

என் அண்ணன் ரஜீவனுக்குப் பதினேழு வயது. எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத உயரம். அந்தக் கிளப்பின் இளைஞர் அணியில் ஆடினான். அடுத்த பருவத்தில் பெரிய அணிக்குள் எடுபட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. டெரல் என்ற அமெரிக்க வீரர் புதன்கிழமைகளில் இளைஞர்களைப் பழக்குவார். பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகும் அண்ணனை நிற்பாட்டிவைத்து, எதிராளியைத் தோளால் எப்படி மறிப்பதென்று சொல்லிக்கொடுப்பார். அம்மா அவருக்கும் ரோல்ஸ் கொடுத்தனுப்புவார். "ஊரை விட்டு வந்து தனிய இருக்குது பாவம், சாப்பிடட்டும்" என்பார். ரோல்ஸைப் பார்த்தால் டெரலுக்கு முகம் மலர்ந்துவிடும். பெட்டியைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தருவார்.

மாசி மாதமளவில் ரசிகர் சங்கத் தலைவர் புருன்னர் ஒரு கையெழுத்துத் தாளோடு மண்டபத்தில் நின்றார். பேக்கரிக்காரர், நல்ல மனுஷன். எனக்குப் பல தடவை இனிப்புப் பாண் தந்திருக்கிறார். தாளை அப்பா என்னிடம் நீட்டினார். 'எங்கள் அணியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். களத்தில் எங்களை நாங்கள் காண வேண்டும்' என்று இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோஷம்.

"பாத்தியே, இப்பதான் இவங்களுக்கு விளங்கியிருக்கு. எங்கட ரஜீவன் இஞ்ச பிறந்தவன், பாஸ்போர்ட்டும் வந்திட்டுது. அவனை விட ஆர் இந்த ஊர்ப் பிள்ளை?"

எத்தனையோ Termin என்று அலுவலகங்களில் நேரம் வாங்கி அலைந்து, எத்தனையோ Antrag விண்ணப்பங்கள் நிரப்பி, அந்த ஜேர்மன் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும் என்பதை இந்த நாட்டில் அனுபவத்தில் கற்றவர்கள் நாங்கள். ஆகவே அப்பா தான் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புருன்னரிடம் வெறும் தாள்கள் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப் போய், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த தாய் தகப்பன்மார் எல்லோரிடமும் "அண்ணை, ஒரு கை வையுங்கோ, எங்கட பிள்ளையளுக்குத்தான்" என்று கேட்டார். பெயர்களை நான் பெரிய எழுத்தில் ஜேர்மனில் எழுதினேன். பக்கத்தில் அவர்கள் தமிழில் ஒப்பமிட்டார்கள். இரண்டு தாள் நிறைந்தது.

சித்திரையில் முடிவு வந்தது. அமெரிக்க வீரர்கள் மூவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவர் டெரல். இளைஞர் அணியிலிருந்து மூன்று பேரை மேலே எடுத்திருந்தார்கள். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருவன் அந்தப் பருவத்தில் பாதி நாள் ஆடாமல் வாங்கிலேயே இருந்தவன். அண்ணனின் பெயர் இல்லை.

பட்டியலில் ஏதோ பிழை நடந்துவிட்டதென்று அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். புருன்னர் கோபிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தபடி, உங்கள் மகன் நன்றாக ஆடுகிறான், அதை யாரும் மறுக்கவில்லை, ஆனால் மக்களுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஆசை இருக்கும்தானே என்றார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டித் தடுத்துவிட்டார். இந்த நாட்டில் இருந்த இத்தனை வருடத்தில் அவருக்கு என் உதவி இல்லாமல் முழுதாக விளங்கிய ஜேர்மன் வசனம் அதுவாகத்தான் இருக்கும். புருன்னர் எனக்கு ஒரு இனிப்புப் பாணைச் சுற்றித் தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த புதன்கிழமை காத்திருந்தது. டெரலுக்குக் கடைசிப் பயிற்சி. அம்மாவின் ரோல்ஸ் பெட்டியோடு நானும் அண்ணனும் போனோம். அவர் பெட்டியை வாங்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பிரதித் தாளை எடுத்து விரித்தார். என் எழுத்து. பக்கத்தில் வரிசையாகத் தமிழ் ஒப்பங்கள்.

"இது நிறவெறி என்று மனேஜரிடம் சொன்னேன். அவர் இதைக் காட்டினார். பார், உன்னைப் போல நிறமுள்ளவர்களே கேட்கிறார்கள், பிறகு இதில் நிறம் எங்கே வந்தது என்றார். ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்" என்றார் டெரல். பிறகு அண்ணனைப் பார்த்து, "இதில் உன் அப்பா எது?" என்று கேட்டார்.

அண்ணன் விரலை வைத்துக் காட்டினான். அப்பா ஏன் போட்டார், எதை நம்பிப் போட்டார் என்று அவன் திக்கித் திக்கிச் சொன்னதை டெரல் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு அவனுடைய தோளில் தட்டினார். பெட்டியை மட்டும் வாங்கவேயில்லை. அந்தக் கோடையோடு அண்ணன் கூடைப்பந்தை விட்டுவிட்டான்.

இன்று அந்தக் கிளப் இல்லை. மண்டபத்தை இடித்துக் கட்டில் மேசை விற்கும் தளபாடக் கடை கட்டிவிட்டார்கள். புருன்னரின் பேக்கரியும் போய்விட்டது. அண்ணன் ஸ்டுட்கார்ட்டில் பொறியியலாளர். தொலைக்காட்சியில் கூடைப்பந்து போனால் எழுந்து போய்விடுவான். இப்போது ஜேர்மன் அணிகளில் எல்லா நிறத்திலும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் கதை எங்கள் வீட்டில் எப்போதாவது வந்தால் அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்."

நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு மாமா, டெரலை விடக் கறுப்பான மனிதர், பேனையைக் கையில் வாங்கிக்கொண்டு, "உந்தக் காப்பிலியளை இஞ்சயிருந்து கலைக்கிறதெண்டால் நான் ரெண்டு கையெழுத்தெண்டாலும் வைப்பன்" என்றார். கறுப்பினத்தவர்களை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். புதன்கிழமைதோறும் டெரலின் கையில் ரோல்ஸ் பெட்டியைக் கொடுத்த நானும் சிரித்தேன்.