வல்லம் வடகாலில் ஒரு சாக்கடை மியூசியம்

காலை 9.10. சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லம் வடகாலுக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். பக்கத்தில் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்த முத்துமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து மியூசியத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"போங்கக்கா, சுத்தமா இருக்கும். தண்ணியும் வரும்" என்றாள். மியூசியத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று விழித்தேன்.

9.45. ஒரே அறைதான். பொறுப்பாளர் ஏழுமலை, குழாய்ப் பிரிவில் பல வருஷம் உழைத்தவர். பீங்கான் சாக்கடைக் குழாய், ஆள் உயர வால்வுச் சாவி, இரும்பு மேன்ஹோல் மூடி எல்லாம் குப்பைக்குப் போக இருந்தவை. மீட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். வாசலில் ஓடும் குடிநீர்க் குழாயில் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கசிவு கண்டுபிடிக்கும் வித்தையைக் காட்டினார். நானும் காது வைத்தேன். உள்ளே தண்ணீர் ஓடியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டேன்.

வருகைப் பதிவேட்டில் அத்தனையும் பெண்கள் பெயர். கருத்து எழுதும் இடத்தில், "தாழ்ப்பாள் இருக்கிறது, நன்றி", "வாளியும் உண்டு." வால்வைப் பற்றி ஒருத்தியும் எழுதவில்லை. ஏழுமலையின் முகம் சுருங்கியது.

"இன்னா சொல்றது மேடம்? ரோட்டுல பாத்ரூம் கெடையாது, அதுக்குத்தான் வராங்க. கையெழுத்துப் போட்டு, ரூமை ஒரு சுத்து சுத்தினாத்தான் நம்ம பாத்ரூம் சாவி குடுப்பேன். இன்னிக்கு என்ஜினியரம்மா நோட்டைப் பாக்க வராங்க. இத்தப் படிச்சாங்கன்னா ரூமை ப்ளீச்சிங் பவுடர் குடோனாக்கிடுவாங்க."

11.30. பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். காலை ஆறு மணியிலிருந்து ஒரகடத்தில் குழாய்ப் பள்ளம் தோண்டும் இடத்தில் நின்றவராம். நின்றபடியே பதிவேட்டில் இரண்டு பக்கம் படித்தார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார் மெதுவாக.

ஏழுமலை பழக்கதோஷத்தில் பேனாவை நீட்டிவிட்டார். "கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு சுத்து..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். மேன்ஹோல் மூடி வரை நடந்து, அறையை ஒழுங்காகச் சுற்றி வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போனார். முகம் கழுவித் திரும்பியவர், "இன்னொரு பாத்ரூம் கட்டணும், எஸ்டிமேட் அனுப்புங்க" என்றார்.

"மேடம், மியூசியம்?"

"அதை மூடிட்டா சாவியை யார்கிட்ட வாங்குறது?"

ஜீப் போனதும் ஏழுமலை எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். எங்கள் ஊர் மியூசியத்தில் ராஜாக்களின் வாள்கள் இருக்கின்றன. வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நான் பழகியதும் அந்த ஊரில்தான். இத்தனை வயதில், பயணத்தின் நடுவே, அன்றுதான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.